சுவரில் மாட்டிய டிவி

என் வாய் பெரிய வாய். படாளத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ரேஷன் கடையில் எடை குறைந்தால் முதல் சத்தம் என்னுடையதுதான். என் வீட்டுக்காரர் வரதன் அதற்கு நேர் எதிர். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து முப்பது வருஷமாக நானே பேசிக்கொண்டிருந்தேன். அவர் பஸ் டிரைவர். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கிருந்து திரும்பச் செங்கல்பட்டு, ரிட்டயர் ஆகும் வரை இதே ரோடு. வீட்டுக்கு வந்ததும், “காது கொய்யிங்குது கண்ணகி, கொஞ்ச நேரம் கம்முனு இரேன்” என்பார். நான் இருந்தால்தானே!

அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே பைத்தியம் கிரிக்கெட். தொண்ணூற்றாறில் உலகக் கோப்பை வந்தபோது, பி.எஃப். லோன் போட்டு இருபத்தோரு இஞ்ச் கலர் டிவி வாங்கிவந்தார். அப்பப்பா, என்ன கனம்! செங்கல்பட்டிலிருந்து ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, இறக்க முடியாமல் தெருவில் இரண்டு பேரைக் கூப்பிட்டோம். பின்பக்கம் பானை வயிறு போல் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரு மணி நேரம் ஓடினால் மேலே கை வைக்க முடியாது, அப்படிச் சுடும். மழைக்காலத்தில் அதன் தலையில்தான் அவருடைய காக்கிச் சட்டை காயும். படம் ஆடினால் பக்கவாட்டில் ஓர் அறை. சரியாகிவிடும்.

முழங்கால் உயர ஸ்டாண்டு ஒன்றில் அது உட்கார்ந்திருக்கும். அவர் எதிரே பாயைப் போட்டு, தலையணையை இரண்டாக மடித்துக்கொண்டு படுத்துவிடுவார். சத்தம் வைக்கவே மாட்டார். நாளெல்லாம் என்ஜின் இரைச்சல் கேட்ட காது, வீட்டிலாவது சும்மா இருக்கட்டும் என்பார். ஊமைப் படமாக ஐம்பது ஓவரையும் பார்ப்பார். யாராவது கேட்ச்சைக் கோட்டைவிட்டால் உள்ளங்கையால் தரையை இரண்டு தட்டுத் தட்டுவார். அவருடைய கோபம், சந்தோஷம் எல்லாம் அந்தத் தட்டுதான். நான் சமையல்கட்டில் முறத்தோடு உட்கார்ந்தபடியே பார்ப்பேன். எங்கே உட்கார்ந்தாலும் படம் ஒரே மாதிரிதான் தெரியும். அதை யாரும் ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

இரண்டாயிரத்து எட்டு தீபாவளிக்கு அந்த டிவி போயிற்று. போகச் சொன்னவள் நான். என் மகன் தீனதயாளன் மறைமலை நகரில் கார் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முதல் போனஸ். “உனக்கு இன்னா வேணும்மா?” என்று கேட்டான். புடவை, வளையல் என்று கேட்டிருக்கலாம். என் புத்தி, “சொவத்துல மாட்டுற டிவி வேணும்டா” என்றேன். மதுராந்தகத்தில் என் தங்கை வீட்டில் மாட்டியிருந்தார்கள். அவள் அதைத் துடைக்கிற துடைப்பைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

பழையதைக் கொடுத்துவிட்டுப் புதுசை எடுக்கிற ஆஃபர் அது. கடைப் பையன்கள் வந்து எங்கள் பழைய டிவியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வரதன் வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “நல்லாதானே ஓடினு இருந்துச்சு” என்றார். அவ்வளவுதான் அவர் சண்டை.

புது டிவி அட்டை மாதிரி இருந்தது. பெயர் தெரியாத கம்பெனி, ஆனால் தட்டையாக, கறுப்பாக, பளபளவென்று இருந்தது. எங்கே மாட்டுவது என்று பையன்கள் கேட்டபோது, “மேல, நல்லா மேல மாட்டு. தெருவுல போறவங்களுக்கும் தெரியட்டும்” என்றேன். காலண்டர் ஆணிக்கும் மேலே, ஏறக்குறைய பரண் உயரத்தில் மாட்டினார்கள். அதற்கு ஜோடியாக ஒரு சோபாவும் வந்தது. அவருடைய பாயைச் சுருட்டி உள்ளே வைத்தேன். அவர் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, அண்ணாந்து மேட்ச் பார்க்கப் பழகிக்கொண்டார். கழுத்து வலிக்கிறது என்று ஒரு நாள் சொன்னார். தைலம் தடவிவிட்டேன்.

பொங்கல் முடிந்து நாலாம் நாள், காலையில் நாஸ்தா சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே வலது பக்கம் சரிந்தார். ஸ்ட்ரோக். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இருபது நாள். உயிர் தங்கியது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. கண் மட்டும் திறந்து எங்கேயோ பார்க்கும். “கையத் தூக்குங்க” என்று டாக்டர் சொன்னால் தூக்க மாட்டார். “பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புங்க” என்றால் திரும்ப மாட்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: “அவருக்கு எவ்வளவு புரியுதுன்னு இப்ப சொல்ல முடியாதும்மா. போகப் போகத் தெளியலாம், தெளியாமலும் போகலாம். அவருக்குப் பிடிச்சது எதையாவது காட்டிக்கிட்டே இருங்க. கவனிக்கிறாரான்னு பாருங்க.”

பிடித்தது வேறென்ன? அது எங்களுக்குத் தெரியாதா!

கட்டிலில் போட்டால் இடது காலை உதைத்து உருண்டு விழுந்தார். அதனால் ஹாலில், டிவிக்குக் கீழே கொஞ்சம் தள்ளி, தரையில் காற்று மெத்தை போட்டுப் படுக்க வைத்தோம். இரண்டு நாள் கழித்து நமக்கும் இலங்கைக்கும் மேட்ச் வந்தது. தீனா அன்றைக்கு லீவு போட்டான். அவருக்குப் பிடித்த மாதிரியே சத்தத்தை நிறுத்திவிட்டு மேட்சைப் போட்டோம். நானும் தீனாவும் சோபாவில் உட்கார்ந்து டிவியைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்தோம். ஒரே ஒரு தட்டு, தரையில் ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டால் போதும், மனுஷன் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

அண்ணாந்து பார்த்தார். முகம் சுருங்கியது. இடது கையைத் தூக்கி ஒரு மாதிரி ஆட்டினார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் அவர் தலையை டிவி பக்கம் திருப்பிவிட்டோம். மறுபடியும் அதே. அடுத்த மேட்சுக்கும் அதே. அதற்கடுத்த மேட்சுக்கும் அதே.

“அம்மா, அப்பாவுக்கு ஒண்ணும் தெரில. மேட்சே பாக்கலன்னா... இன்னாத்துக்கு நாம ஏமாத்திகினு கெடக்கணும்” என்று தீனா அழுதான். நானும் அழுதேன். டாக்டரிடம் திரும்பக் காட்டக்கூட இல்லை, மருந்து மட்டும் வாங்கிவந்தோம். கிரிக்கெட் பார்க்காத வரதன் வரதனே இல்லை என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டோம்.

அதற்குப் பிறகு நான் மாறிப்போனேன். சொல்லத்தான் வேண்டும். குளிப்பாட்டுவேன், துடைப்பேன், கஞ்சி ஊட்டுவேன், துணி மாற்றுவேன். ஒரு நாளும் அதில் குறை வைத்ததில்லை. ஆனால் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டு, அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே பேசினேன். இடுப்பு வலியில், தூக்கம் இல்லாத எரிச்சலில், இந்தப் பாழாய்ப்போன வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அவர் கையை ஆட்டினால், “நரம்பு இழுக்குது” என்று போர்வைக்குள் செருகிவிடுவேன்.

மாசி மாதக் கடைசியில் செய்யூரிலிருந்து அவர் தங்கை காசியம்மாள் வந்தாள். அண்ணன் கோலத்தைப் பார்த்து ஒப்பாரி வைத்துவிட்டு, காப்பி குடித்ததும் கேட்டாள்: “அண்ணி, நல்லது கெட்டதுன்னா ஓடிகினு இருக்க முடியாது. போட்டோ எதுனா எடுத்து வச்சிக்கீறியா?”

இந்தப் பக்கத்தில் ஆள் செத்தால் ஒரு மணி நேரத்தில் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நாலு பேர் நாலு பேசுவார்கள். நல்ல போட்டோ இல்லாமல் ரேஷன் கார்டு மூஞ்சியைப் பெரிசு பண்ணிப் போட்டுச் சிரிப்பாய்ச் சிரித்த வீடுகள் உண்டு. நான் ஆல்பத்தை எடுத்துவந்தேன். பரப்ப இடமில்லை. அவர் போர்வை மேலேயே, வயிற்றின் மேல், ஒவ்வொன்றாகப் பரப்பினேன்.

“இது வாணாம், இதுல குடிச்சவன் மாதிரி கீறாரு” என்றேன். காசி சிரித்துவிட்டாள். “இது?” என்று மாமல்லபுரம் பீச்சில் எடுத்ததைக் காட்டினாள். “அதுல நான் கீறேன். என்னை வெட்டிட்டுப் போடறதா? ரிட்டயர்மெண்டு போட்டோ போடலாம். கழுத்துல மாலையோட கீது, தனியா மாலை வாணாம்.” இரண்டு பேரும் சிரித்தோம். ஆமாம், சிரித்தோம். அவர் இடது கை போட்டோக்களைத் தட்டிவிட்டது. நான் பொறுக்கி அடுக்கிக்கொண்டு, கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்தேன்.

“அண்ணன் இன்னும் எத்தினி நாளு அண்ணி இப்பிடி?”

“இன்னா அண்ணன்? இது பொணம்டி. மூச்சு மட்டும் விட்டுகினு கீது. அன்னிக்கே ஆஸ்பத்திரியில போயிருந்தா நாலு நாளு அழுதுட்டு எழுந்திருப்பேன். சித்திர வெயில் வர்றதுக்குள்ள போய்ச் சேந்தா தேவல. என்னால முடில.”

சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் தலைமாட்டில் உட்கார்ந்து சொன்னேன்.

சித்திரை வந்தது. அவர் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவரைக் குளிப்பாட்டித் துணி மாற்றிவிட்டு எழுந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. சோபா வரை போக முடியவில்லை. அவர் மெத்தை ஓரத்திலேயே மெல்லச் சாய்ந்து மல்லாக்கப் படுத்தேன். டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ சீரியல். அண்ணாந்து பார்த்தேன்.

டிவியில் படமே இல்லை. இருட்டு. இருட்டுக்குள் ஏதோ அசைந்தது. உற்றுப் பார்த்தால், ஒரு பொம்பளை. மூஞ்சி கறுப்பு, தலைமயிர் சாம்பல், பல்லெல்லாம் கறுப்பு. ஸ்டுடியோக்காரன் தருவானே நெகடிவ், அந்த மாதிரி. டிவி புகைந்துவிட்டது என்று பதறி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். படம் பளிச்சென்று இருந்தது. அந்தப் பொம்பளை மஞ்சள் புடவை கட்டிச் சிவப்பாக, அழகாக இருந்தாள். மறுபடி படுத்தேன். கறுப்புப் பல். மறுபடி எழுந்தேன். மஞ்சள் புடவை.

“தீனா! டேய் தீனா!”

உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவன் அப்பாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஓடிவந்தான். “இங்க படுறா” என்றேன். “இன்னாம்மா பேஜாரு...” என்று முனகிக்கொண்டே அவர் பக்கத்தில் படுத்தான். அண்ணாந்து பார்த்தான்.

“கீழ இருந்து பாத்தா இந்த டிவியில ஒண்ணும் தெரிலம்மா” என்றான். பிறகு, “அப்பா மேட்சே பாக்கலியேம்மா. அவருக்குப் படம் தெரிஞ்சாதானே பாப்பாரு!” என்றான்.

புது டிவி வந்த நாளிலிருந்து நாங்கள் எல்லோரும் சோபா ஆட்கள். தரையில் படுத்து அதைப் பார்த்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். அவருக்கோ வாய் இல்லை.

பக்கத்து வீட்டு எல்லப்பன் வீட்டில் அரசாங்கம் கொடுத்த பதினாலு இஞ்ச் டிவி இருந்தது. பழைய மாதிரி, பின்னால் வயிறு வைத்தது. அது வந்தபோது, டப்பா என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். ஓடிப்போய்க் கேட்டேன். “எடுத்துகினு போ யக்கா, இதுக்குப் போயி அழுவுற” என்று அவனே தூக்கிவந்தான். தரையில் மணை போட்டு, அவர் முகத்துக்கு நேரே வைத்தோம். தீனா சுவரிலிருந்து கேபிள் ஒயரைப் பிடுங்கி இதில் செருகினான். எங்கேயோ ஒரு மேட்ச் நடந்துகொண்டிருந்தது. யார் யார் ஆடினார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

அவர் கண் நின்றது. பந்து போகிற பக்கம் போயிற்று, வந்தது, போயிற்று. நாலைந்து ஓவர் போயிருக்கும். எல்லைக்கோட்டுப் பக்கம் ஒருவன் கைக்கு வந்த பந்தைக் கீழே போட்டான். வரதனின் இடது கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்து தரையில் தட்டியது. ஒன்று. இரண்டு.

“அப்பா கீறாரும்மா! அப்பா உள்ள கீறாரு!” என்று தீனா அவர் காலைக் கட்டிக்கொண்டு கதறினான். எல்லப்பன் துண்டால் கண்ணைத் துடைத்தான். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கை இறங்கவில்லை. போர்வை மேல் பரப்பிய போட்டோக்கள் ஞாபகம் வந்தன.

மறுநாளே வேன் வைத்துச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் இரண்டு விரலைக் காட்டச் சொன்னார், காட்டினார். “ஆமான்னா ஒரு தடவை கண்ணை மூடித் திறங்க, இல்லைன்னா ரெண்டு தடவை” என்று சொல்லிக்கொடுத்து, வரிசையாகக் கேள்வி கேட்டார். உங்க பேர் வரதன்தானே? ஒரு தடவை. இது மெட்ராஸா? இரண்டு தடவை. எல்லாம் சரி.

“புரியறதுல ஒரு குறையும் இல்லை. பயிற்சி கொடுத்தா கை காலும் கொஞ்சம் தேறும். ரொம்ப நல்ல செய்திம்மா இது” என்றார்.

“எத்தினி நாளா புரியுது சார்?”

“அது எப்படிச் சொல்றது? வீட்டுக்குப் போன ரெண்டு மூணு வாரத்துலயே தெளிஞ்சிருக்கலாம்.”

காசி வந்தது அதற்கெல்லாம் பிறகு. வேனில் திரும்பும்போது தீனா போனில் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். வழியில் மிட்டாய் வாங்கினான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என் வாயில் ஒரு வார்த்தையும் வரவில்லை.

அந்த வாரம் பூராவும் வீட்டில் கூட்டம். ஒவ்வொருத்தரும் வந்து கேள்வி கேட்டு, அவர் கண்ணை மூடுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். காசியும் வந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பிறகு ஓடிவந்து அவர் காலில் விழுந்து, “அண்ணே, என் மேல கோவமா?” என்று தேம்பினாள். அவர் இரண்டு தடவை கண்ணை மூடித் திறந்தார். இல்லை. அவள் அவர் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நான் சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீனா ஊட்டினால் சாப்பிட்டார். காசி ஊட்டினால் சாப்பிட்டார். நான் ஊட்டினாலும் சாப்பிட்டார், வாயைத் திறந்தார், விழுங்கினார். ஆனால் கண்ணை டிவியிலேயே வைத்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு, ஒரு மத்தியானம் அவரும் நானும் மட்டும் இருந்தோம். டிவியை நிறுத்தினேன். அவர் எதிரே தரையில் படுத்து, முகத்துக்கு நேரே முகம் வைத்துக் கேட்டேன்.

“ஏங்க, நான் பேசினதெல்லாம் கேட்டுச்சா?”

ஒரு தடவை மூடித் திறந்தார்.

“போட்டோவைப் பரப்பி வச்சிப் பேசினது?”

ஒரு தடவை.

“பொணம்னு... சொன்னது?”

கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரு தடவை.

“வாய்க் கொழுப்புல சொல்லிட்டேங்க. மனசறிஞ்சு சொல்லல” என்றேன். பொய். அன்றைக்கு மனசறிந்துதான் சொன்னேன். அது அவருக்கும் தெரியும். பஸ்ஸில் நூறு பேர் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தே ஆளை எடை போட்டவர். என் முகத்தை இப்போதும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மன்னிச்சிடுவீங்களா?”

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் காத்திருந்தேன்.

“ஒரு தபாவோ ரெண்டு தபாவோ, எதுனா ஒண்ணு சொல்லுங்க. இல்லேன்னாலும் சரி, சொல்லுங்க. உங்க காலைப் பிடிச்சிக் கேக்கறேன்.”

கண் சிவந்தது. ஓரத்தில் தண்ணீர் திரண்டு காதுப் பக்கம் வழிந்தது. கை எட்டும் தூரத்தில் நான் இருந்தேன், கையும் அசையவில்லை. கண்ணைத் திறந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடவே இல்லை.